மறைவாக நின்று அளந்த தெரு

பிப்ரவரி 4

அன்புள்ள தம்பிக்கு,

நான் சௌக்கியம். உன் இடுப்பு வலி என்ன சொல்கிறது என்று விவரமாக எழுது. "பரவாயில்லை" என்று ஒற்றை வார்த்தையில் எழுதினால் நம்ப மாட்டேன். என் காது அப்படியேதான் இருக்கிறது. இடது பக்கம் சுத்தமாகப் போய்விட்டது. வலது பக்கம், யாராவது ஒட்டி வந்து கத்தினால் கொஞ்சம் கேட்கிறது. ஃபோனில் எழுத்துத் தட்டச் சொல்கிறாய். முப்பது வருஷம் அச்சகத்தில் பிழை திருத்திய எனக்கு, அந்தப் பெட்டி தன் இஷ்டத்துக்கு வார்த்தையை மாற்றிப் போடுவதைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வருகிறது. நமக்குக் கடிதமே போதும்.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் தபால்காரர் வீடு வீடாக நாற்பத்திரண்டு கையெழுத்து வாங்கி, வேகத்தடை கேட்டு உங்கள் சாலைத் துறை ஆபீசுக்கு மனு அனுப்பியிருக்கிறார். பெரிய சாலையில் நெரிசல் என்று எல்லா வண்டியும் எங்கள் தெருவைக் குறுக்குவழியாக்கிவிட்டது. என் வீட்டைத் தாண்டி இருபதடியில் இருக்கும் வளைவு உனக்குத் தெரியும். அங்கே எதிரில் வருவது கண்ணுக்குத் தெரியாது. ரொட்டிக் கம்பெனி வேன் ஓட்டுகிறவனுக்குத் தெருவில் 'ராக்கெட்' என்றே பேர். எனக்கோ வண்டி வரும் சத்தமும் கேட்காது. மூன்று முறை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் காலை எடுத்து வைக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரி, "என்னக்கா, தெருவைக் கும்பிட்டுட்டுதான் தாண்டுவீங்களா?" என்று காதருகே வந்து கேலி செய்கிறாள்.

மனு உன் மேஜைக்குத்தான் வரும் என்று நினைக்கிறேன். அக்கா தெரு என்று சலுகை காட்டச் சொல்லவில்லை. முறைப்படி என்னவோ அதைச் செய்.

வேளைக்குச் சாப்பிடு. நாற்காலியிலேயே ஒட்டிக்கொண்டு கிடக்காதே.

அன்புடன்,
அக்கா

—

பிப்ரவரி 19

அன்புள்ள அக்காவுக்கு,

இடுப்பு, குனிந்தால் வலிக்கிறது, நிமிர்ந்தால் வலிப்பதில்லை. விவரம் போதுமா?

மனு என்னிடம்தான் வந்தது. தபால்காரரின் கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது. வளைவைப் படமே வரைந்து அனுப்பியிருக்கிறார். நீங்கள் எல்லோரும் வேகத்தடை என்றால் தெருவில் ஒரு முதுகைத் தூக்கிவிடுவது என்றுதான் நினைக்கிறீர்கள். அது மட்டும் இல்லை. அந்த வளைவில் நான் போட நினைப்பது வேறு. ஆள் கடக்கும் இடத்தையே நடைபாதை உயரத்துக்கு மேடாக்கிவிடலாம். இரண்டு ஓரத்தையும் கொஞ்சம் முன்னால் இழுத்துத் தெருவை ஒடுக்கலாம். தெரு குறுகலாகத் தெரிந்தாலே ஓட்டுகிறவன் கால் தானாக மேலே எழும். பலகை வைத்து "மெதுவாகப் போ" என்று கெஞ்ச வேண்டியதில்லை.

ஆனால் முதலில் அளக்க வேண்டும். நூறு வண்டியில் எண்பத்தைந்து எந்த வேகத்துக்குள் போகிறதோ, அதுதான் எங்களுக்குத் தெருவின் வேகம். அது முப்பது கிலோமீட்டரைத் தாண்டினால்தான் வேலைக்கு அனுமதி. மார்ச் 6ஆம் தேதி கருவியோடு நானே வருகிறேன். உன்னைப் பார்த்தும் ஒன்றரை வருஷம் ஆகிறது. பகல் முழுக்க உன் வீட்டில்தான்.

உடம்பைப் பார்த்துக்கொள். மூன்று முறை இல்லை, நான்கு முறை பார்த்துவிட்டுத் தாண்டு.

அன்புடன்,
தம்பி

—

மார்ச் 9

அன்புள்ள தம்பிக்கு,

நீ நல்லபடியாகப் போய்ச் சேர்ந்திருப்பாய். பேருந்தில் அத்தனை நேரம் உட்கார்ந்து போனதில் இடுப்பு என்ன ஆயிற்றோ.

நீ வந்துபோனதிலிருந்து எனக்குத் தெருவில் ஏக மரியாதை. வாசல் படியில் நாற்காலி போட்டு, மஞ்சள் சட்டை மாட்டி, அந்தக் கருவியைத் துப்பாக்கி மாதிரி நீ நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததை எல்லோரும் சொல்லிச் சொல்லி மாய்கிறார்கள். நானும் சும்மா இருக்கவில்லை. ஒரு வாரம் முன்னாலேயே தெரு முழுக்கச் சொல்லிவைத்தேன். "என் தம்பி அளக்க வர்றான், அன்னைக்காவது ஒழுங்கா ஓட்டி என் மானத்தைக் காப்பாத்துங்க" என்று ரொட்டி வேனை மறித்தே சொன்னேன். ராக்கெட் அன்று முட்டைக் கூடை ஏற்றியவன் போல ஊர்ந்து போனானே, பார்த்தாயா? மூலை வீட்டுக்காரர் பைக்கை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டே போனார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

வேலை எப்போது ஆரம்பிக்கும் என்று தபால்காரர் தினம் சைகையில் கேட்கிறார்.

ஒன்று கேட்க வேண்டும். மதியத்துக்கு மேல் நீ முகம் கொடுத்தே பேசவில்லை. சாயங்காலம் மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன். தெருமுனைப் பேருந்து நிறுத்தத்தில் மஞ்சள் சட்டையைக் கழற்றிவிட்டு, மரத்துக்குப் பின்னால் கருவியோடு நின்றாய். இரண்டு பேருந்தை விட்டுவிட்டு மூன்றாவதில்தான் ஏறினாய். அங்கே என்ன செய்துகொண்டிருந்தாய்?

அன்புடன்,
அக்கா

—

ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நீ எப்படி இருக்கிறாய்? காதுக்கு அந்தச் சொட்டு மருந்து விடுகிறாயா? வெயிலில் வெளியே போகாதே. இரத்த அழுத்தம் பார்த்தாயா? மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்து இறங்கு. நான் நன்றாக இருக்கிறேன், இடுப்பும் பரவாயில்லை.

பதில் தாமதமானதற்கு மன்னித்துக்கொள். இங்கே வேலை தலைக்கு மேல் கிடக்கிறது.

கணக்குப் போட்டாகிவிட்டது. உன் தெருவில் எண்பத்தைந்து விழுக்காடு வண்டிகளின் வேகம் இருபத்தேழு. முப்பதுக்குக் கீழே என்பதால் இந்த ஆண்டு வேலை எதுவும் தேவைப்படவில்லை. ஆண்டுக்கு இரண்டு தெருதான் எடுக்க முடியும், வேறு இரண்டு தெருக்களுக்கு ஒப்புதல் ஆகிவிட்டது. தபால்காரருக்கு முறைப்படி பதில் போகும். நீயும் பக்குவமாகச் சொல்லு. ஒருவகையில் சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தானே. உன் தெரு தங்கமான தெரு.

அடுத்த ஆண்டு மறுபடி மனு கொடுக்கலாம்.

அன்புடன்,
தம்பி

—

ஏப்ரல் 10

அன்புள்ள தம்பிக்கு,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. நேராகச் சொல்லிவிடுகிறேன்.

உன் கடிதம் ஏழாம் தேதி பத்தரை மணிக்கு வந்தது. மணி அடித்தால் எனக்குக் கேட்காது என்பதால் தபால்காரர் எப்போதும் கேட்டைத் திறந்து உள்ளே வந்து என் கையில்தான் கொடுப்பார். அன்றும் கொடுத்தார். உன் கையெழுத்தைப் பார்த்ததும் வேலை ஆரம்பிக்கப் போகிறது என்று நினைத்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார். நான் அங்கேயே நின்று பிரித்துப் படித்தேன்.

"உன் தெரு தங்கமான தெரு" என்ற வரிக்கு வந்தபோது தலையைத் தூக்கினேன். ஆட்கள் வளைவைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தார்கள். ராக்கெட்டின் வேன் குறுக்கே நின்றது. தரையெல்லாம் கடிதங்கள். தபால்காரர் சைக்கிளுக்கு அடியில் கிடந்தார்.

இருபதடி தம்பி. பிரேக் பிடித்த சத்தம் இரண்டு தெருவுக்குக் கேட்டதாம். அவர் அலறியிருக்கிறார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. நான் நின்று கடிதம் படித்துக்கொண்டிருந்திருக்கிறேன். என்னை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கையில் கடிதத்தோடு நின்ற எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

வலது தொடை எலும்பு இரண்டு இடத்தில் உடைந்திருக்கிறது. கம்பி வைத்திருக்கிறார்கள். இனி சைக்கிள் மிதிக்க முடியுமா என்று டாக்டருக்கே தெரியவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

—

மே 20

அன்புள்ள தம்பிக்கு,

நீ நலமா? நாற்பது நாளாக உன்னிடமிருந்து ஒரு வரி வரவில்லை. புதிதாக வரும் தபால்காரர் மணி அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார் போல என்று முதலில் சமாதானம் செய்துகொண்டேன். பிறகு தபால் நிலையத்துக்கே போய்க் கேட்டேன். எனக்கு எதுவும் வந்து கிடக்கவில்லை.

ஜூன் 12ஆம் தேதி தபால் நிலையத்தில் அவர்மேல் விசாரணை. அடிபட்டவர்மேல் எதற்கு விசாரணை என்று கேட்காதே. ரொட்டிக் கம்பெனிக்காரர்கள் உங்கள் ஆபீஸ் தாளைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள். இந்தத் தெருவில் வண்டிகள் இருபத்தேழில்தான் போகும் என்று அரசாங்கமே அளந்து எழுதிவிட்டது, மெதுவாக வந்த வண்டிமேல் அவர்தான் பார்க்காமல் வந்து விழுந்தார் என்கிறார்கள். அப்படி முடிவானால் அவருடைய பணிப் புத்தகத்தில் 'கவனக்குறைவு' என்று எழுதிவிடுவார்கள். இருபத்தாறு வருஷத்தில் ஒரு தபால் தொலைத்ததில்லை அந்த மனுஷர். காலைவிட இதுதான் அவரைத் தின்கிறது என்று அவர் மனைவி எழுதிக் காட்டினாள்.

அந்தத் தாளை நானும் வாங்கிப் படித்தேன். கீழே உன் கையெழுத்து. அதற்கு மேலே ஒரு கட்டம். 'அளந்தவர் இருந்த இடம்' என்று அச்சிட்டிருக்கிறது. பக்கத்தில் நீ எழுதியிருக்கிறாய்: 'தெருவோரம், மறைவாக.'

முப்பது வருஷம் வார்த்தை பார்த்துப் பிழைத்தவள் என்பதால் கேட்கிறேன். 'மறைவாக' என்பதற்கு உங்கள் துறையில் வேறு ஏதாவது அர்த்தம் உண்டா?

அக்கா

—

மே 29

அன்புள்ள அக்காவுக்கு,

உன் இரண்டு கடிதமும் கிடைத்தன. தபால்காரர் செய்தி கேட்டு மிகவும் வருந்தினேன். எனக்குத் தெரிந்த நல்ல எலும்பு மருத்துவர் இருக்கிறார், விவரம் அனுப்புகிறேன். ஆண்டு முடிவு வேலைகளில் மாட்டிக்கொண்டதால் எழுத முடியவில்லை. மேலாளர் பதவிக்கு என் பெயரைப் பரிந்துரைத்திருக்கிறார்கள், அந்த அலைச்சல் வேறு.

அந்தப் படிவத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். அந்தக் கட்டத்தில் வழக்கமாக அப்படித்தான் எழுதுவது. அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். விசாரணை அதிகாரிகள் எல்லாவற்றையும் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.

உன் உடல்நலம் முக்கியம். மனதைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே.

அன்புடன்,
தம்பி

—

ஜூன் 3

தம்பிக்கு,

உயிரோடு இருக்கிறேன். நீயும் இருப்பாய்.

உன் கடிதத்தைத் திருத்தி இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஒரே ஒரு வார்த்தையில்தான் பிழை. 'வழக்கமாக' என்பதைச் சிவப்பில் சுழித்திருக்கிறேன், பார்.

உனக்கு ஆறு வயதில் அம்மா போனாள். அன்றிலிருந்து உன்னை நான் வளர்த்தேன். நீ பொய் சொல்லும்போது என் உடம்பைப் பற்றி நிறைய விசாரிப்பாய். ஏப்ரல் கடிதத்தில் சொட்டு மருந்து, வெயில், இரத்த அழுத்தம், மாடிப்படி என்று வரிசையாக விசாரித்திருந்தாய். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். வண்டி வண்டியாக மறித்து ஒழுங்காக ஓட்டச் சொன்னவள் நான். தெருவின் உயிரைக் காப்பாற்ற நீ வந்தாய், என் மானத்தைக் காப்பாற்றச் சொல்லி அதைக் கெடுத்தேன். வெட்கமாக இருக்கிறது. இப்போதெல்லாம் தெருவில் தலை நிமிர்ந்து நடக்க முடியவில்லை, வண்டி வருகிறதா என்று பார்க்க மட்டும் தலையைத் தூக்குகிறேன்.

ஆனால் நான் செய்தது அறியாமல் செய்தது. விசாரணைக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.

அக்கா

—

ஜூன் 8

அக்கா,

உன் நலத்தை விசாரிக்கவே கை கூசுகிறது. இனி நான் எதைக் கேட்டாலும் உனக்குச் சந்தேகம்தான் வரும். வரட்டும்.

எங்கள் விதி இதுதான். அளக்கிறவன் கண்ணில் படக்கூடாது. நிறுத்திய காருக்குள் இருக்க வேண்டும், மஞ்சள் சட்டை போடக்கூடாது, வருவதாக யாரிடமும் சொல்லக்கூடாது. யாரிடமும் சொல்லாதே என்று உனக்கு நான் எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. உன் வாசலில் உட்கார்ந்து, நீ தேநீர் கொண்டுவந்து வைக்க, நாலு பேர் பார்க்க, என் வேலையைக் காட்டிக்கொள்ள எனக்கும் ஆசையாக இருந்தது. அதனால் உன் பங்கு என்று நீ சொல்வதும் என் பங்குதான்.

ராக்கெட் ஊர்ந்து போனபோது நானும் சிரித்தேன். மூலை வீட்டுக்காரர் பைக்கைத் தள்ளிக்கொண்டு போனபோதுதான் சொரேர் என்றது. என் கருவி நீ சொல்லிவைத்ததை அளந்துகொண்டிருக்கிறது என்று புரிந்தது. அதனால்தான் பேருந்து நிறுத்தத்தில் மரத்துக்குப் பின்னால் நின்றேன். இருபது நிமிஷம். நாற்பத்தெட்டு. ஐம்பத்தொன்று. நாற்பத்து நான்கு. ஐம்பத்து மூன்று. ரொட்டி வேன் அறுபது.

அதை ஒரு துண்டுத் தாளில் குறித்துச் சட்டைப்பையில் வைத்தேன். மறுபடி வந்து அளக்கிறேன் என்று மேலாளரிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால், சொந்த அக்கா வீட்டு வாசலில் உட்கார்ந்தா அளந்தாய் என்று கேட்பார். பரிந்துரை நேரத்தில் அந்தக் கேள்வி வேண்டாம் என்று இருந்தேன். இருபத்தேழு என்று எழுதினேன். அந்தக் கட்டம் வந்தது. பேனா அரை நிமிஷம்கூட நிற்கவில்லை அக்கா, 'மறைவாக' என்று எழுதிவிட்டேன். அடுத்த ஆண்டு சரிசெய்துவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

உன் ஏப்ரல் கடிதத்தைப் படித்த நாளிலிருந்து எழுத உட்கார்வேன், கிழிப்பேன். அந்த மனுஷர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார் என்று எழுதியிருந்தாயே, அந்த வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. தூக்கம் போய்விட்டது. அப்படியும் நாற்பது நாள் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். இதற்கு மேல் என்னைப் பற்றி நான் சொல்ல என்ன இருக்கிறது?

நேற்று எல்லாவற்றையும் எழுதி மேலாளரிடம் கொடுத்தேன். படித்துவிட்டு அவர் என்னைத் திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "இதே மாதிரி இன்னும் எத்தனை தெரு?" என்று கேட்டார். வேறு எதுவும் இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. ஏன் நம்ப வேண்டும்? நான் அளந்த பதினாறு தெருவையும் வேறு ஆள் மறுபடி அளக்கப் போகிறார். மேலாளர் பதவி கைநழுவிப் போனது ஒரு பொருட்டில்லை. அந்தக் கேள்விக்குத்தான் என்னால் தலை நிமிர முடியவில்லை.

அதே கடிதத்தின் நகலும் அந்தத் துண்டுத் தாளும் விசாரணை அதிகாரிக்கு விரைவுத் தபாலில் போயிருக்கின்றன. 12ஆம் தேதி நான் வரவில்லை. அவர் முகத்தில் எப்படி முழிப்பேன்? அவருக்குத் தனியாக எழுதவும் பார்த்தேன். 'மதிப்பிற்குரிய' என்பதற்கு மேல் ஒரு வார்த்தை நகரவில்லை. நீயே ஏதாவது சொல்லிவிடு.

தம்பி

—

ஜூன் 14

அன்புள்ள தம்பிக்கு,

நலம். உன் நலம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

விசாரணை தபால் நிலையத்தின் பின்னறையில் நடந்தது. தபால்காரர் ஊன்றுகோலோடு வந்திருந்தார். பாதி உடம்பாகிவிட்டார். தெருக்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் சுவரோரம் நின்றோம். ராக்கெட்டும் வந்திருந்தான், தரையைப் பார்த்தபடி. அதிகாரி உன் கடிதத்தை உரக்கப் படித்தாராம். எனக்குக் கேட்கவில்லை, அவர் வாய் அசைவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நடுவில் எல்லோரும் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எந்த வரி என்று புரிந்தது. நான் கையைத் தூக்கினேன். "தெரு முழுக்கச் சொல்லிவெச்சது நான்தான்" என்றேன். என் குரல் எவ்வளவு சத்தமாக வந்ததோ தெரியாது, மேஜை முன் இருந்த அதிகாரி திடுக்கிட்டார்.

'கவனக்குறைவு' என்று எழுதப் போவதில்லை. அது முடிந்தது. வளைவை வேறு ஆள் வந்து அளந்து வேலை எடுப்பார்கள் என்று உங்கள் ஆபீஸ் எழுதியிருக்கிறது. அவரைத் தபால் பிரிக்கும் இடத்தில் உட்கார வைக்கிறார்கள். சைக்கிள் இனி இல்லை.

வெளியே வந்ததும் அவர் முன்னால் போய் நின்றேன். நீ சொல்லச் சொன்னதைச் சொல்ல வாயைத் திறந்தேன், அவர் கையைக் காட்டி நிறுத்தினார். அவர் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, பையிலிருந்து ஒரு பழைய உறையை எடுத்து அதன் பின்பக்கம் எழுதிக் கொடுத்தார். அவர் எழுதியதை அப்படியே தருகிறேன்:

"அக்கா, அளந்த அன்னைக்கு உங்க வாசலுக்கு வந்தப்போ உங்க தம்பிதான் கையை நீட்டிக் கடிதத்தை வாங்கினார். மடியில அந்தக் கருவி இருந்துச்சு. ஆபீஸ்ல இருந்து வந்த பதிலோட அந்தத் தாளும் இருந்துச்சு, அதுல 'மறைவாக'ன்னு படிச்சதுமே எனக்குத் தெரியும். ஆனா ஒரு வாசல்ல பார்த்ததை இன்னொரு வாசல்ல போய்ச் சொல்றது என் வேலையில கிடையாது. அவரே சொல்லுவார்னு இருந்தேன்."

தம்பி, இரண்டு மாசம். காலில் கம்பியோடு படுத்துக்கொண்டு, தன் பேரில் 'கவனக்குறைவு' என்று எழுதப் போகிறார்கள் என்று தெரிந்தும், ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தப்பித்திருக்கலாம் என்று தெரிந்தும், மனைவியிடம்கூட அவர் மூச்சு விடவில்லை. நீ எழுதாமல் இருந்திருந்தால் அந்தப் பேரையும் வாங்கிக்கொண்டு போயிருப்பார். அதைப் படித்துவிட்டு அந்த இடத்தில் என்னால் நிற்கவும் முடியவில்லை, நகரவும் முடியவில்லை.

உனக்காக நான் எதையும் சொல்லவில்லை. அது என் வேலை இல்லை. இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதாதே. புறப்பட்டு வா. பகலில் வா. பேருந்து நிறுத்தத்தில் இறங்கி, தெரு முழுக்கப் பார்க்க, நடந்தே அவர் வீட்டுக்குப் போ. அதற்குப் பிறகு நம் வீட்டுக்கு வரலாம்.

அக்கா